போனில் தெரிகிற படம் கணினியில் ஏன் வரவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். விண்டோஸ் கணினியில் அவுட்லுக் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக எனக்கு வரும் மெயில்களில் பாதிக்குப் படமே இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டமும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும்தான் இருக்கின்றன. அதே மெயிலைப் போனில் திறந்தால் படம் பளிச்சென்று தெரிகிறது. அண்ணன் மகள் ஐபோனிலிருந்து அனுப்பும் குடும்பப் படங்களில் சில வருகின்றன, சில வருவதில்லை. பழைய மெயில்கள் சிலவற்றில் முன்பு பார்த்த படமே இப்போது காணோம். போதாக்குறைக்கு, என் கையெழுத்தின் கீழ் வைத்திருக்கும் லோகோ தங்களுக்குத் தெரிவதில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். “எல்லாப் படத்தையும் தானாகக் காட்டு என்று செட்டிங்கை மாற்றிவிடு, வேலை முடிந்தது” என்கிறார் நண்பர். மாற்றிவிடலாமா? அதில் ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: வணக்கம். நண்பர் சொல்கிற செட்டிங்கை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரே கோளாறு மாதிரி தெரிந்தாலும், அதில் மூன்று நான்கு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நண்பரின் வைத்தியம் அவற்றில் ஒன்றைத்தான் தீர்க்கும். தீர்த்துவிட்டு வேறொரு தொல்லையை வைத்துவிட்டும் போகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெயிலில் படம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, படமே மெயிலோடு சேர்ந்து வந்துவிடுவது. தபால் உறைக்குள் போட்டோ வைத்து அனுப்புவது போல. இன்னொன்றில் உறைக்குள் போட்டோ இருக்காது. “படம் இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்” என்ற சீட்டு மட்டும் இருக்கும். நீங்கள் மெயிலைத் திறக்கிற நேரத்தில்தான் உங்கள் மெயில் புரோகிராம் அந்த இடத்துக்கு, அதாவது யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போய்ப் படத்தைக் கொண்டுவரும். கடைகள், வங்கிகள், செய்திமடல்கள், டிக்கெட் பதிவுத் தளங்கள் அனுப்புவதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது பெரும்பாலும் முதல் வகை.

மெயில் புரோகிராம்கள் வேண்டுமென்றே தடுத்து நிறுத்துவது இரண்டாவது வகையைத்தான். அதனால் யார் “படம் காணோம்” என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது, அந்தப் படம் மெயிலுக்குள்ளேயே வந்ததா, வெளியிலிருந்து வர வேண்டியதா என்பதைத்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, மெயிலின் அளவைப் பார்ப்பது. அவுட்லுக்கில் மெயில் பட்டியலின் அகலத்தைக் கூட்டினால் ‘சைஸ்’ என்ற பத்தி தெரியும். பக்கம் முழுக்கப் படங்களாக இருக்க வேண்டிய மெயில் வெறும் 40 கேபி, 60 கேபி என்று காட்டினால் உள்ளே படம் எதுவும் வரவில்லை, சீட்டுதான் வந்திருக்கிறது. 2 எம்பி, 5 எம்பி என்று இருந்தால் படம் உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் காட்டுவதில்தான் சிக்கல். மெயிலுக்குள் வைக்கும் படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள், அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே 3 எம்பி படம் போட்ட மெயில் 4 எம்பி காட்டினால் திகைக்க வேண்டாம்.

சரி, வெளியிலிருந்து வரும் படத்தை ஏன் தடுக்க வேண்டும்? படம் பார்ப்பதில் என்ன குற்றம்? படத்தில் குற்றமில்லை. அதைப் போய்க் கேட்கிறோமே, அதில்தான் விஷயம் இருக்கிறது. செய்திமடல் ஒன்றின் அடியில் ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் உள்ள படம் ஒன்று ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று வைத்ததும் இல்லை. அதன் முகவரியின் வாலில் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான குறியீடு ஒட்டியிருக்கும். அது உங்களுக்கென்றே உண்டாக்கியது. இன்னொருவருக்குப் போன மெயிலில் வேறு குறியீடு இருக்கும். உங்கள் கணினி அந்தப் படத்தைக் கேட்ட கணமே அங்கே சர்வரின் பதிவில் ஒரு வரி விழுகிறது: இந்தக் குறியீட்டுக்காரர், இத்தனை மணிக்கு, இந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), இந்த வகை மென்பொருளில் மெயிலைத் திறந்தார். ஐபி முகவரியை வைத்து நீங்கள் எந்த ஊர்ப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். விளம்பரக்காரருக்கு இது கணக்கு. ஸ்பேம் அனுப்புகிறவனுக்கோ இது நல்ல சேதி, “இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், படிக்கவும் செய்கிறார்” என்று தெரிந்துவிடுகிறது. அடுத்த நாளிலிருந்து குப்பை கூடும்.

இதைவிட மோசமாகவும் இந்த வழியைப் பயன்படுத்தலாம் என்று 2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஈஃபெயில் என்று பெயர். சங்கேதமாக்கி அனுப்பிய மெயிலின் உள்ளடக்கத்தையே, படம் கேட்கிற முகவரியின் வாலில் ஒட்டி வெளியே கடத்திவிடலாம் என்று நிரூபித்தார்கள். நீங்களும் நானும் அன்றாடம் அனுப்புகிற மெயிலுக்கு அது பொருந்தாது. ஆனாலும் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் மாதிரி ரகசியம் காக்க வேண்டியவர்கள் வெளிப்படங்களை அடைத்தே வைத்திருப்பதற்கு இதெல்லாம் காரணம்.

படத்தைக் காட்டினாலே வைரஸ் வந்துவிடுமா என்றும் சிலர் கேட்பார்கள். பொதுவாக வராது. படத்தை விரித்துக் காட்டும் மென்பொருளில் ஓட்டை இருந்தால் வரலாம். 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைக் கையாளும் நிரலில் அப்படி ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் எல்லாமே அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. அதற்கு மருந்து அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் போடுவதுதான். படத்தை அடைப்பது அதற்கான வைத்தியம் இல்லை.

போனில் மட்டும் எப்படித் தெரிகிறது என்றால், அங்கே படத்தைக் கொண்டுவருகிற ஆள் வேறு. ஜிமெயிலில் 2013 டிசம்பரிலிருந்து கூகுளின் சர்வரே போய்ப் படத்தை எடுத்துவந்து உங்களுக்குக் கொடுக்கிறது. அனுப்பியவருக்குக் கூகுளின் முகவரிதான் தெரியும், உங்கள் ஐபி தெரியாது. திறந்தீர்கள் என்பது மட்டும் அந்தத் தனிக் குறியீட்டின் மூலம் தெரிந்துவிடலாம். ஐபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், ‘புரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி’ என்பதை இயக்கியிருந்தால், நீங்கள் மெயிலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஆப்பிள் தன் இடைச் சர்வர்கள் வழியாகப் படங்களைப் பின்னணியில் எடுத்துவிடும். யார் உண்மையில் படித்தார், யார் படிக்கவில்லை என்று அனுப்பியவருக்குப் பிரித்தறிய முடியாது. இந்த இரண்டு இடத்திலும் படங்கள் தானாகத் தெரிவதில் பெரிய நஷ்டம் இல்லை. கணினியில் நிறுவியிருக்கும் பழைய பாணி அவுட்லுக் அப்படி இல்லை. உங்கள் கணினியிலிருந்தே நேராகப் போய்க் கேட்கும். அதனால்தான் 2003 பதிப்பு முதலே அது வெளிப்படங்களைத் தானாக இறக்காமல் நிறுத்தி வைக்கிறது.

ஆகவே நண்பரின் யோசனையை நீங்கள் ஜிமெயிலுக்குக் கேட்டிருந்தால் “அப்படியே இருக்கட்டும்” என்றிருப்பேன். உங்கள் அவுட்லுக்குக்கு வேண்டாம் என்கிறேன்.

இனி அந்தச் சிவப்புப் பெருக்கல் குறிக்கு வருவோம். எல்லாக் கட்டமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கட்டத்துக்குள் சின்னதாக ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. படியுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தெரிந்துவிடும். அந்த வாசகம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, உங்கள் அந்தரங்கத்தைக் காப்பதற்காக இந்தப் படத்தைத் தானாக இறக்குவதை அவுட்லுக் நிறுத்தி வைத்திருக்கிறது, வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்யுங்கள் என்று சொல்லும். இரண்டாவது, இணைத்த படத்தைக் காட்ட முடியவில்லை, ஃபைல் இடம் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், அழிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லும். முதலாவதில் அவுட்லுக் முயற்சியே செய்யவில்லை. இரண்டாவதில் முயன்று தோற்றிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே செட்டிங்கால் தீர்க்க முடியாது.

முதல் வாசகம் என்றால் கோளாறே இல்லை. மெயிலின் தலைப்பகுதியில் ஒரு பட்டை தெரியும். அதைக் கிளிக் செய்து ‘டவுன்லோட் பிக்சர்ஸ்’ கொடுத்தால் அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் படங்கள் வந்துவிடும். அடிக்கடி வரும், நீங்கள் நம்புகிற ஒருவருடைய மெயில் என்றால் அதே பட்டையில் அனுப்பியவரைப் பாதுகாப்பானவர் பட்டியலில், அதாவது ‘சேஃப் சென்டர்ஸ்’ பட்டியலில் சேர்க்கும் வசதி இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் பட்டியலில் சேர்த்தவரின் மெயில், ஜங்க் வடிகட்டியையும் தாண்டி நேராக இன்பாக்ஸுக்கு வரும். படம் தெரிய வேண்டும் என்று கொடுத்த அனுமதி அதற்கும் சேர்த்துத்தான். இரண்டாவது, தனி முகவரிக்குப் பதில் ‘@’ குறிக்குப் பின்னால் உள்ள டொமைன் முழுவதையும் சேர்க்கவும் வழி உண்டு. அதை மிகவும் யோசித்துச் செய்யுங்கள். இலவச மெயில் சேவையின் டொமைனைச் சேர்த்தால் அங்கே கணக்கு வைத்திருக்கிற எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். உங்கள் சொந்த டொமைனைச் சேர்ப்பதும் தப்பு. உங்கள் பெயரிலேயே உங்களுக்கு வருகிற போலி மெயில் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

பொது செட்டிங் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், அங்கே ஆட்டோமேடிக் டவுன்லோட். முதல் வரியில் உள்ள டிக் இருக்கட்டும். அதற்குக் கீழே, பாதுகாப்பானவர் பட்டியலில் உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கும் வரியிலும் டிக் இருக்கிறதா பாருங்கள். இது இல்லாமல் போனதால்தான் பட்டியலில் சேர்த்தும் படம் வரவில்லை என்று பலர் குழம்புவார்கள். மெயிலுக்குப் பதில் எழுதும்போதும் ஃபார்வர்டு செய்யும்போதும் படங்களை இறக்கும்முன் எச்சரிக்கச் சொல்லும் டிக்கும் அங்கேயே இருக்கிறது. அதையும் எடுக்க வேண்டாம். சந்தேகமான மெயிலை “இது உண்மையா?” என்று கேட்டு இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்யப்போய், அந்தச் சமயத்தில் அனுப்பியவனுக்குத் தகவல் போய்விடக் கூடாது. இந்தப் பக்கத்தில் எல்லாமே மங்கலாக, மாற்ற முடியாதபடி இருந்தால் அது அலுவலகக் கணினி நிர்வாகி பூட்டி வைத்தது. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

படமும் இல்லை, கட்டமும் இல்லை, வெறும் எழுத்து மட்டும்தான் என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். மெயில் ஜங்க் ஃபோல்டரில் இருக்கிறதா? அங்கே படமும் லிங்கும் வேலை செய்யாது, இன்பாக்ஸுக்கு நகர்த்தினால் சரியாகும். அப்புறம், டிரஸ்ட் சென்டரிலேயே ‘ஈமெயில் செக்யூரிட்டி’ பக்கத்தில் எல்லா மெயிலையும் வெறும் எழுத்தாகப் படி என்ற டிக் விழுந்திருக்கிறதா?

இரண்டாவது வாசகம்தான் கொஞ்சம் வேலை வாங்கும். நீங்கள் “போனில் தெரிகிறது” என்று எழுதியது இங்கே நல்ல துப்பு, ஆனால் முழுத் துப்பு இல்லை. போனில் பார்த்தபோது மொபைல் டேட்டாவில் இருந்தீர்களா, வீட்டு வைஃபையிலா? கணினி இருக்கும் அதே வைஃபையில் போனை இணைத்து இன்னும் திறக்காத ஒரு செய்திமடலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் படம் வரவில்லை, மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வருகிறது என்றால் குற்றவாளி அவுட்லுக் இல்லை, வீட்டு நெட்வொர்க். ரூட்டரிலோ, டிஎன்எஸ் எனப்படும் இணைய முகவரி தேடித் தரும் சேவையிலோ விளம்பரத் தடுப்பு வைத்திருந்தால் இப்படித்தான் நடக்கும். மொத்தமாக மெயில் அனுப்பும் நிறுவனங்களின் படங்கள் பல நேரம் கண்காணிப்பு டொமைன்கள் வழியாகவே வருவதால், தடுப்பான் விளம்பரத்தோடு படத்தையும் சேர்த்தே அடைத்துவிடும்.

வைஃபையிலும் போனில் தெரிகிறது என்றால் கணினிக்கு வாருங்கள். அவுட்லுக்கில் மெயிலைத் தனிச் சன்னலில் திறந்தால் மேலே ‘ஆக்ஷன்ஸ்’ என்பதற்குள் ‘வியூ இன் பிரௌசர்’ இருக்கும். பிரௌசரிலும் படம் இல்லை என்றால் ஆன்டிவைரஸ், ஃபயர்வால், விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் மென்பொருள்) ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். போனில் படத்தைக் கூகுளோ ஆப்பிளோ எடுத்துத் தந்திருக்கலாம் என்பதால், வீட்டு நெட்வொர்க்கின் தடுப்பையும் அடியோடு ஒதுக்கிவிட முடியாது. கணினியின் தேதி, நேரம் சரியா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது, படம் இறங்காது. விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை அவற்றில் முன்னிருப்பாகச் செயல்படாததால் படம் மட்டும் வராமல் எழுத்து வரும்.

பிரௌசரில் தெரிந்து அவுட்லுக்கில் மட்டும் தெரியவில்லை என்றால், நான் போய்ப் பார்க்கிற இடம் கன்ட்ரோல் பேனலில் உள்ள ‘இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்’. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே ஓய்வு பெற்றுவிட்டது, அதன் செட்டிங் எதற்கு என்று தோன்றும். அவுட்லுக் இன்னும் அந்த வீட்டுப் பொருள்களைத்தான் புழங்குகிறது. ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில், செக்யூரிட்டி என்ற தலைப்பின் கீழ், சங்கேதப் பக்கங்களை டிஸ்க்கில் சேமிக்காதே என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அவுட்லுக்கை மூடித் திறங்கள். இன்று ஏறக்குறைய எல்லாப் படங்களும் சங்கேத இணைப்பில்தான் வருகின்றன. அவற்றைத் தற்காலிகமாகக்கூடச் சேமிக்கக் கூடாது என்றால் அவுட்லுக் எதை எடுத்துக் காட்டும்? ‘பாதுகாப்பைக் கூட்டுகிறேன்’ என்று எந்தச் சுத்திகரிப்பு மென்பொருளையாவது ஓட்டியிருந்தால் அது இந்த டிக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். “கொஞ்ச நாளாக” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால் அப்படி ஏதாவது நிறுவினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அது சரியாகவே இருந்தால், அவுட்லுக்கை மூடிவிட்டு அதே இடத்தில் ‘ஜெனரல்’ பக்கத்தில் தற்காலிக இணைய ஃபைல்களை அழியுங்கள். கடவுச்சொல், குக்கீ முதலியவற்றின் டிக்குகளை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவையும் போய்விடும். அவுட்லுக் தன் அட்டாச்மென்ட்களையும் படங்களையும் போட்டு வைக்கும் மறைவான ஃபோல்டர் நிரம்பி வழிந்தாலும் இப்படி ஆகும். அதற்கும் பிறகு ஒரு சோதனை: கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறங்கள், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் படம் தெரிந்தால் இடையில் சேர்த்த ஏதோ ஒரு ஆட்-இன், அதாவது துணை மென்பொருள், தொல்லை செய்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும். விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்று, அதை மாற்று என்று சொல்கிற வீடியோக்களை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அந்தக் கட்டம் வரை போக வேண்டிய தேவை அபூர்வம்.

வேறு புரோகிராம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டர்பேர்ட் வெளிப்படங்களை அடைத்தே வைக்கும். மெயிலின் மேல் வரும் பட்டையில் இந்த மெயிலுக்கு மட்டுமா, இந்த ஆளுக்கு எப்போதுமா என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கே மெயிலுக்குள் வந்த படமும் தெரியவில்லை என்றால் ‘வியூ’ மெனுவில் ‘மெசேஜ் பாடி ஆஸ்’ என்பது ‘ஒரிஜினல் எச்டிஎம்எல்’ ஆக இருக்கிறதா பாருங்கள். ஆப்பிள் மெயிலில், விபிஎன் ஓடும்போது படங்களை மறைவாக இறக்க முடியவில்லை என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு பொத்தானும் வரும், அது கோளாறு இல்லை. ஜிமெயிலைப் பிரௌசரில் பார்ப்பவர்களுக்குப் படம் வராவிட்டால் முதல் சந்தேகம் விளம்பரத் தடுப்பான் மீது. ‘இன்காக்னிட்டோ’ எனப்படும் தனிச் சன்னலில் திறந்தால் தெரிந்துவிடும். படங்களைச் சேர்க்காமல் மெயிலின் எழுத்துப் பகுதி மட்டும் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு, முழு மெயிலையும் பார்க்க ஒரு லிங்கைக் கீழே வைக்கும். அடிப்பகுதிப் படங்கள் மட்டும் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அண்ணன் மகளின் படங்கள் வேறு கதை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை ஹெய்க் என்ற வடிவில் சேமிக்கின்றன. சில வழிகளில் அனுப்பும்போது போனே அதை ஜேபெக்காக மாற்றிவிடும், சில வழிகளில் மாற்றாது. “சில வருகின்றன, சில வருவதில்லை” என்பது அனேகமாக இதுதான். வராத படத்தின் ஃபைல் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஹெய்க் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான நீட்டிப்பை நிறுவலாம். அதைவிடச் சுலபம், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது: போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ், அங்கே ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’. அதன்பின் எடுக்கும் படங்கள் எங்கும் திறக்கும்.

முன்பு பார்த்த படம் இப்போது இல்லை என்பதற்கும் அவரிடமே விடை இருக்கலாம். நிறையப் படங்களைச் சேர்த்து அனுப்பினால் ஆப்பிளின் ‘மெயில் டிராப்’ வசதி அவற்றைத் தன் சர்வரில் வைத்துவிட்டு உங்களுக்கு லிங்க் மட்டும் அனுப்பும். அது 30 நாள்தான் இருக்கும். நாள் கடந்துவிட்டால் உங்கள் பக்கம் என்ன செய்தாலும் வராது, அவரிடம் திரும்பக் கேட்க வேண்டியதுதான். பழைய செய்திமடல்களும் அப்படியே. அனுப்பியவர் தன் சர்வரிலிருந்து படத்தை எடுத்துவிட்டால் உங்களிடம் இருப்பது சீட்டு மட்டும். ரசீது, டிக்கெட், கியூஆர் குறியீடு மாதிரி பின்னால் தேவைப்படுகிறவை வந்த அன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். மெயில் பத்திரமாக இருப்பதால் படமும் பத்திரம் என்று நினைத்துவிட முடியாது.

இன்னொன்று கண்ணில் பட்டிருக்கும். படத்துக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள் ‘சிஐடி’ என்று தொடங்கி, ‘இமேஜ்001’ என்று ஏதோ எழுத்தாக வந்து நிற்கும். வழியில் யாரோ அந்த மெயிலை வெறும் எழுத்தாக மாற்றிப் பதில் போட்டிருக்கிறார்கள், படம் அங்கேயே கழன்றுவிட்டது என்று பொருள். அந்த வரியைக் கிளிக் செய்து பலனில்லை. முதலில் அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக உங்கள் லோகோ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கோளாறு உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் உங்கள் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாது. உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பிப் பார்த்தால் லோகோ அழகாகத் தெரியும், பிறருக்குத் தெரியாது. எப்படி? லோகோவை எங்கிருந்தோ காப்பி செய்து கையெழுத்தில் ஒட்டியிருப்பீர்கள். கூகுள் டிரைவிலிருந்து, அல்லது லாகின் செய்தால் மட்டும் திறக்கும் ஒரு பக்கத்திலிருந்து. ஒட்டும்போது படம் ஒட்டாமல் அதன் முகவரி மட்டும் ஒட்டிக்கொள்வது உண்டு. நீங்கள் அங்கே லாகின் செய்தவர், உங்களுக்குத் திறக்கிறது. வாடிக்கையாளருக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. சில நேரம் நிலைமை இன்னும் வேடிக்கையாக இருக்கும். மெயிலின் மூலத்தை (அதற்குப் பின்னால் உள்ள நிரல் வரிகளை) திறந்து பார்த்தால் படத்தின் முகவரி ‘ஃபைல்’ என்று தொடங்கி, உங்கள் கணினியின் சி டிரைவ், உங்கள் பயனர் பெயர், டெம்ப் ஃபோல்டர் என்று போய், ‘கிளிப் இமேஜ் 001’ என்று முடியும். வேர்டிலிருந்து ஒட்டினால் இப்படி ஆவதுண்டு. உங்கள் கணினியின் சி டிரைவில் இருப்பதை உலகத்தின் மறுகோடியில் இருப்பவர் எப்படி எடுப்பார்?

மூலத்தைப் பார்ப்பது பயப்படுகிற வேலை இல்லை. ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’, தண்டர்பேர்டில் கன்ட்ரோல் யூ, அவுட்லுக்கில் மெயிலின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘வியூ சோர்ஸ்’. உங்கள் மெயில் போய்ச் சேர்ந்த இடத்தில் பார்ப்பது உத்தமம், அதாவது வேறொருவரின் ஜிமெயிலில். கன்ட்ரோல் எஃப் அழுத்தி லோகோ இருக்கும் வரியைத் தேடி, படத்தின் முகவரி ‘சிஐடி’ என்று தொடங்குகிறதா, இணைய முகவரியாக இருக்கிறதா, ‘ஃபைல்’ என்று தொடங்குகிறதா பாருங்கள். சிஐடி என்றால் லோகோ மெயிலுக்குள்ளேயே போகிறது. இணைய முகவரி என்றால் அதைக் காப்பி செய்து, எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாத தனிச் சன்னலில் திறங்கள். லாகின் கேட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கூகுள் டிரைவில் வைத்த லோகோ என்றால் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று பகிர்வை மாற்றினால் தீரும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது, அந்த வம்பே வேண்டாம் என்பதுதான். லோகோவைச் சின்ன பிஎன்ஜி படமாக, முப்பது நாற்பது கேபிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்தை அழித்துவிட்டு, அவுட்லுக்கின் சிக்னேச்சர் பெட்டியில் உள்ள படச் சின்னத்தைக் கிளிக் செய்து கணினியிலிருந்தே சேருங்கள், ஒட்ட வேண்டாம். எஸ்விஜி, வெப்பி வடிவங்களைத் தவிர்த்துவிடுங்கள், பல மெயில் புரோகிராம்களுக்கு அவை ஆகாது. இப்படிச் செய்தால் லோகோ மெயிலோடு போகும், எதிர்ப்பக்கம் தடுப்புக்கு வேலை இருக்காது. இதில் ஒரு குறையும் உண்டு. சில புரோகிராம்களில் உங்கள் மெயிலெல்லாம் அட்டாச்மென்ட் வைத்த மாதிரி ஒரு கிளிப் சின்னத்தோடு தெரியும். பில் அனுப்பியிருக்கிறீர்களோ என்று வாடிக்கையாளர் திறந்து பார்த்து ஏமாறலாம். அது உங்களுக்கு எரிச்சல் என்றால் உங்கள் இணையதளத்தில் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் லோகோவை வைத்து அதன் முகவரியைக் கொடுங்கள், ஆனால் வெளிப்படம் அடைத்தவர்களுக்குத் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு. எந்த வழியானாலும் பெயர், தொலைபேசி எண், செய்யும் வேலை ஆகியவற்றைப் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகவே எழுதுங்கள். படத்துக்கு மாற்று வாசகமும் கொடுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும், படம் தெரியாத இடத்தில் எல்லோருக்கும் அதுதான் தெரியும்.

நீங்கள் அனுப்பும் மெயிலின் வடிவம், படங்களையும் அலங்காரத்தையும் தாங்கும் எச்டிஎம்எல் தானா என்றும் பார்த்துவிடுங்கள். மெயில் எழுதும் சன்னலில் ‘ஃபார்மேட் டெக்ஸ்ட்’ என்ற இடத்தில் தெரியும். ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்றால் லோகோ போகவே போகாது. ‘ரிச் டெக்ஸ்ட்’ என்றால், அவுட்லுக் இல்லாத சிலருக்கு உங்கள் படமும் அட்டாச்மென்டும் ‘வின்மெயில்.டாட்’ என்ற திறக்க முடியாத ஃபைலாகப் போய் நிற்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கட்டம் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கட்டத்துக்குள் உள்ள ஆங்கில வாசகத்தை அப்படியே, அந்த மெயிலின் அளவு, அவுட்லுக் பதிப்பு ஆகியவற்றோடு எழுதி அனுப்புங்கள். மெயிலையே எனக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம். ஃபார்வர்டு செய்தால் படங்களின் முகவரி பல நேரம் மாறிவிடும், நான் பார்ப்பது நீங்கள் பார்த்த மெயிலாக இருக்காது.